கைவிட்ட சட்டை

எனக்குப் பொறாமை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறேன். பழைய துணிக்கடையில் நானும் மோப்பமும் ஒரே குவியலுக்குள் ஒரே சமயத்தில் கையை விட்டால், என் கைக்கு வருவது அக்குள் கிழிந்த ஸ்வெட்டர். அவள் கைக்கு வருவது எவளோ ஒரு மகராசி ஒரே தடவை போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்த கோட்டு. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அக்கா, நல்லாயிருக்கா?" என்று என்னிடமே கேட்பாள். நல்லாயிருக்கிறது என்று சொல்லித் தொலைப்பேன். வேறென்ன சொல்வது?

மோப்பம் என்பது நாங்கள் வைத்த பேர். சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி மேஜை, எனக்கு மடிப்பு மேஜை. பக்கத்துப் பக்கத்து வீடு வேறு. நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொன்னால் சுவர்களுக்கெல்லாம் கோபம் வரும், வெறும் பலகைதான். எந்தத் துணியை எடுத்தாலும் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோவாள்.

"இது பீரோவுக்குள்ளயே கிடந்தது அக்கா, வெயிலே பாக்கல. இது சமையக்காரி போட்டது, எத்தனை தண்ணியில போட்டாலும் வெங்காய வாசம் போகாது. இந்த ஆளு வீட்டுக்குத் தெரியாம சிகரெட் பிடிக்கிறான்."

"அதெப்படிடி தெரியும்?"

"பையில வாசம் இருக்கு, காலர்ல இல்ல. பிடிச்சுட்டு, வாயைக் கொப்பளிச்சு, சட்டையை நல்லா உதறிட்டுத்தான் வீட்டுக்குள்ள போயிருக்கான்."

கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். நானும் பிளந்திருக்கிறேன். அவள் சொன்னது சரியா என்று போய் விசாரித்தவர்கள்தான் யாரும் இல்லை.

கடை என்றால் கண்ணாடிக் கதவு போட்ட கடை இல்லை. முன்பு சைக்கிள் பழுது பார்த்த கொட்டகை. சக்கரம் மாட்டின கொக்கிகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. கடைக்காரம்மா அதில் கோட்டுகளைத் தொங்கவிட்டிருப்பாள். மற்றதெல்லாம் தார்ப்பாயில் குவியல் குவியலாகக் கிடக்கும். வாரத்துக்கு ஒரு நாள் மூட்டை பிரிப்பாள். அன்றைக்குக் கதவு திறக்கும் முன்பே முழங்கையைத் தீட்டிக்கொண்டு நாங்கள் நிற்போம்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. கையில் பிடித்திருக்கிற வரைக்கும் உன்னுடையது. கீழே வைத்தாயோ, போச்சு. யார் எடுத்தாலும் வாய் திறக்கக் கூடாது. "கைவிட்டது கைவிட்டதுதான்" என்பாள் கடைக்காரம்மா. ஒருத்தி தன் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடக் குனிந்தாள், அதற்குள் அவள் தேடி எடுத்த கம்பளி போய்விட்டது. தரையில் உட்கார்ந்து அழுதாள். சட்டம் சட்டம்தான். அதை எடுத்தவள் நான் இல்லை.

மோப்பத்தின் புருஷனுக்கு ஏணி என்று பேர். ஆள் அவ்வளவு உயரம், உயரத்தைவிடக் கை நீளம். கண்ணாடிக் கடையில் வேலை. மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்குகிற பெரிய கண்ணாடியை இவர் தனியாளாக அணைத்துத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடப்பார். ஆனால் அந்தக் கைக்கு எந்தக் கடையிலும் சட்டை கிடையாது. எதைப் போட்டாலும் மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் தெரியும். வளர்ந்த பையன் போன வருஷத்துச் சட்டையில் நிற்கிற மாதிரி இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு முழங்கை வரைக்கும் மடித்துவிடுவார். கண்ணாடி வேலையில் மடித்துவிட்ட கை ஆகாது. கையெல்லாம் கீறல்.

மழைக்காலம் தொடங்கின சமயம், மோப்பம் குவியலின் அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறச் சட்டையை உருவினாள். தோளைப் பிடித்து உயரத் தூக்கினாள். சட்டைக் கை இறங்கிக்கொண்டே போயிற்று. "அக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் பிடித்திருந்ததைக் கைவிட்டேன். இன்னொருத்தி அதைக் கொண்டுபோனாள்.

"பொத்தான் ஓட்டையைப் பாருக்கா. ஒரு நூல் பிரியல. இந்த ஆளு ஒவ்வொரு பொத்தானா கழட்டிட்டுத்தான் சட்டையைக் கழட்டியிருக்கான். எங்க வீட்டு மனுஷன் மேல ரெண்டைக் கழட்டிட்டுத் தலை வழியா உருவுவாரு, கோழி உரிக்கிற மாதிரி."

"எங்க வீட்டு ஆளும் அப்படித்தான்."

"எல்லாரும் அப்படித்தான்கா. இவன் அப்படியில்ல. காலர் தேஞ்சதும் பிரிச்சுத் திருப்பித் தைக்கச் சொல்லியிருக்கான். முழங்கையில ஒட்டு இருக்கு பாரு, தடவினாத்தான் தெரியுது. எவ்வளவு பொறுமையான ஆளு!"

ஏணி அதைப் போட்டார். மணிக்கட்டு வரை வந்தது. கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டு கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கே வந்து காட்டினார். "எனக்குன்னே வெட்டினது மாதிரி இருக்குல்ல அக்கா?" அன்றைக்கு வேலையில்லாமலே தெருவில் போய் வந்தார்.

அடுத்த மூட்டையில் ஒரு நீலம் கிடைத்தது. அதற்கடுத்ததில் காப்பி நிறத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்டது. எல்லாம் அதே கை, அதே பொத்தான் ஓட்டை, அதே திருப்பின காலர். இதோடு அவள் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளோ புகழ ஆரம்பித்தாள்.

பலகைக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குக் காது புளித்துவிட்டது. "அந்த ஆளு இப்படிப் பையில ஆணியைப் போட மாட்டான்." "அந்த ஆளு சாப்பிட்ட கையைச் சட்டையில துடைக்க மாட்டான், ஒரு கறை உண்டா பாருங்க." "அந்த ஆளு எவ்வளவு பதவிசா இருந்திருப்பான்!" வீட்டுக்குள் மூன்றாவதாக ஓர் ஆள் குடிவந்த மாதிரி ஆயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் அவனும் உட்கார்ந்தான். எந்தப் புருஷன் பொறுப்பான்?

ஒரு சாயங்காலம் ஏணி மூன்று சட்டைகளையும் எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். மழையில் நனையாமல் உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"இதைக் கொஞ்சம் பாருங்கக்கா. அடி மடிப்புல, உள் பக்கமா."

சிவப்பு நூலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. மூன்றிலும் இருந்தது.

"ஒரே ஆளோட சட்டை. அதைத்தான் அவளே சொன்னாளே" என்றேன்.

"குவியல்ல ஊர்ப்பட்ட துணி கிடக்கு. அதுல இவ கைக்கு மட்டும் ஒரே ஆம்பளையோட சட்டை எப்படி வருது?"

"உங்க கை நீளத்துக்கு ஊர்ல இன்னும் ஒருத்தன்தான் இருக்கான் போல. அப்புறம் வேற யாரு சட்டை வரும்?"

"சரிக்கா. நல்ல சட்டையை எவனாவது ஒண்ணு ஒண்ணா கொடுப்பானா? கொடுக்கிறவன் மொத்தமா கொடுப்பான். இது ஆள் பாத்துக் கொடுக்கிற மாதிரி இருக்கு."

எனக்கும் சுருக்கென்றது. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்படியெல்லாம் இருக்காது, போய்ச் சாப்பிடுங்க என்று அனுப்பிவிட்டேன். அனுப்பினேனே தவிர எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் அப்படிப்பட்டவளாக இருந்து, அதுவும் எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால், அதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்?

மறுநாள் சலவைக்கூடத்தில் கேட்டேன். மழை விடாததால் விரிப்புகள் காயவில்லை. ஈரத்தோடேயே அவள் மேஜைக்கு வந்தன. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் புஸ்ஸென்று ஆவி எழும்பி அவள் முகத்தை மறைக்கும். ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்து வழிந்தது. அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏண்டி, அந்த ஆளை உனக்குத் தெரியுமா?"

"எந்த ஆளு?"

"சட்டைக்காரன்."

"பாத்ததே இல்லக்கா." பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆனா பிடிக்கும்."

"என்னடி சொல்றே?"

"பிடிக்கும்னா பிடிக்கும்தான். அதுக்கென்ன இப்போ? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரார் அழுக்கைத்தானே பாக்குறோம். இதை இன்னொருத்தி தொட்டு எடுப்பாளேன்னு நினைச்சுக் கழட்டின துணி ஒண்ணு உண்டா? சுருட்டி எறியுறானுங்க. நம்ம வீட்டுலயும் அதே கதைதான். அவன் ஒருத்தன்தான் நின்னு நிதானமா கழட்டியிருக்கான். அவன் சட்டையில பெட்டி தானா ஓடுதுக்கா. அவனைக் கட்டிக்கிட்டவ கொடுத்து வெச்சவ." பெட்டியை மறுபடி எடுத்துத் தேய்த்துக்கொண்டே, "அவ மேல எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல்கூட உண்டு" என்றாள்.

இதை நான் ஏணியிடம் சொல்லவில்லை. கோள் மூட்டுகிற புத்தி எனக்குக் கிடையாது. பலகை உடைந்துவிடுமே என்ற பயமும் இருந்தது.

சொல்லாமலே உடைய வேண்டியது உடைந்தது. யாருடைய பீரோவுக்கோ ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றை அவர் பக்கவாட்டில் அணைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எதிரே இன்னொரு கண்ணாடி சாத்தி வைத்திருந்தார்கள். அதில் நீலச் சட்டை தெரிந்ததாம். "என்னை நான் பாக்கலக்கா. அவனைத்தான் பாத்தேன். என் தலையை வெச்சுக்கிட்டு அவன் நின்னான்" என்றார் பிற்பாடு. கையிலிருந்தது நழுவி மேலிருந்து கீழ் வரைக்கும் விரிசல் ஓடிவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. முதலாளி ஒன்றும் திட்டவில்லை; துடைப்பத்தைக் கையில் கொடுத்து, மனசு சரியாகிற வரைக்கும் சில்லைக் கூட்டு என்று சொல்லிவிட்டார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. ஏணி மூன்று சட்டைகளையும் கொண்டுவந்து தரையில் போட்டார்.

"இனி அவன் சட்டை இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"சட்டை என்ன பண்ணுச்சு?"

"அவன் யாருன்னு சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமலா அவன் சாப்பிடறது, நிக்கிறது, கழட்டுறது எல்லாம் சொல்றே? நான் எப்படிக் கழட்டினா உனக்கென்ன? அவன் கழட்டுறதை நீ எப்போ பாத்தே?"

 உருளைக்கிழங்கு அடிப்பிடித்துத் தீய்ந்தது. நாற்றம் என் வீடு வரைக்கும் வந்தது.

அதற்கப்புறம் இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை, என் வழியாகப் பேசினார்கள். "அக்கா, ரொட்டி மேஜை மேல இருக்குன்னு சொல்லுங்க" என்பாள் பலகையைப் பார்த்து. "பசியில்லைன்னு சொல்லுங்கக்கா" என்பார் அவர். நான் அந்தப் பக்கம் கேட்டதை இந்தப் பக்கம் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வேலைக்கு நடுவில் இது மூன்றாவது வேலை. கடைசியில் ஒரு நாள் ஏணி தாங்காமல் நேராகவே பேசிவிட்டார்.

"அடுத்த மூட்டை பிரிக்கிற அன்னிக்கு நானும் கடைக்கு வரேன். கொண்டாந்து கொடுக்கிறவன் யாருன்னு பாக்குறேன். அப்படி ஒருத்தன் வந்தான்னா, நீ அவன்கூடவே போயிடு."

"வாங்க. எவனும் வரலைன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். இப்படிச் சந்தேகப்படற ஆளோட என்னால குடித்தனம் பண்ண முடியாது."

அவள் சொன்னால் செய்கிறவள்.  மூட்டை பிரிக்கிற நாளுக்கு முந்தின நாளே தகரப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

அன்றைக்கும் மழை. ஏணியின் சொந்தச் சட்டைகளோடு சாம்பலும் நீலமும் கொடியில் ஈரமாகத் தொங்கின. உலர்ந்திருந்தது அந்தக் காப்பி நிறக் கோடு போட்ட சட்டை ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அதைப் போட்டுக்கொண்டு, கசாயம் குடித்த முகத்தோடு கிளம்பினார். அவர் முன்னால், அவள் பின்னால், அதற்கும் பின்னால் நான். கடை வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது. மோப்பத்தின் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் ஆடினாள். பேசாத மனுஷன்தான், ஆனாலும் கையை நீட்டினார். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து பின்னாலிருந்து ஒரு பொம்பளை குடையோடு பாய்ந்து வந்தாள். குட்டையான ஆள், தோளில் ஒரு துணிப்பை.

"அடப்பாவி! வெக்கமா இல்ல? என் கையால தைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு, என் கண்ணு முன்னாலயே இவளைக் கைப்பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறியா?"

சொல்லி முடிப்பதற்குள் மோப்பத்தின் கொண்டை அவள் கையில் இருந்தது.

"என் புருஷனை விடுடி!"

"யாரும்மா நீ? ஐயோ, முடியை விடு!"

நான் சும்மா நிற்பேனா? குடையைப் பிடுங்கினேன். குடைக்குப் பின்னாலேயே அவள் கையையும் பிடுங்கினேன். இதற்கெல்லாம் நடுவில் ஏணி திரும்பிப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு மெல்லத் திரும்பினார். முகத்தைப் பார்த்ததும் அந்தம்மாவின் கை தொய்ந்து விழுந்தது.

"இது அவர் இல்ல" என்றாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஏணி விட்டால்தானே.

"இருங்க. உங்க வீட்டுக்காரர்கூட இவளைப் பாத்திருக்கீங்களா?"

 மோப்பம் ஒரு காலில் செருப்போடு, அவிழ்ந்த முடியோடு அவரைப் பார்த்தாள்.

"என்னய்யா கேட்டே?"

எத்தனை சண்டை வந்தாலும் அவள் வாயில் 'நீங்க'தான் வரும். அது போய்விட்டது.

"அவங்கதானே சொன்னாங்க, என் புருஷனை விடுன்னு. அந்த ஆளு எவளோடவோ போயிட்டான் போலிருக்கு. நீயும் இத்தனை நாளா அவனைப் பத்தியே..."

"கழட்டு."

"என்ன?"

"சட்டையைக் கழட்டுய்யா. இங்கேயே, இப்பவே."

அவர் பதறிப்போய் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டுத் தலை வழியாக உருவினார். ஒரு பொத்தான் தெறித்து சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. "ஐயோ, பொத்தான்!" என்று அந்தம்மா அங்கேயே குந்தி உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்துவிட்டாள். எங்கள் மூன்று பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"மழையில என்ன கூத்து இது? உள்ள வாங்க எல்லாரும்" என்று கடைக்காரம்மா அதட்டினாள்.

பிரிக்காத மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். ஏணி பனியனோடு நடுங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். மோப்பம் சட்டையை அந்தம்மா மடியில் போட்டாள்.

"இந்தா, உன் புருஷன் சட்டை. நான் யார் வீட்டுலயும் போய் எடுக்கல. கைவிட்டதை எடுத்தேன், கடைச் சட்டம் அது."

"சட்டையைத்தான் கைவிட்டேன். ஆளை இல்லம்மா" என்றாள் அவள். பிறகு தானாகவே சொன்னாள். புருஷன் வேறொருத்தியோடு ஊரின் மறு கோடியில் குடியிருக்கிறான். போகும்போது கட்டின துணியோடு போனான்.

"அவரை அங்க பாத்தேன், அவளோட இங்க பாத்தேன்னு யாராவது வந்து சொல்லிட்டே இருக்காங்க. ஊருக்கு வேற என்ன வேலை? சொன்ன அன்னிக்கு ஆத்திரத்துல ஒரு சட்டையைத் தூக்கிட்டு இங்க வந்துடுவேன். மொத்தமா கொடுத்துடணும்னுதான் நினைப்பேன், மனசு வராது. சிவப்பு நூல் நான் போட்டது, சலவைக்குப் போனா மாறிடக் கூடாதுன்னு. இன்னிக்குக் கோடு போட்ட சட்டையை முதுகுப் பக்கமா பாத்ததும், நான்தான் இங்க கொடுத்தேன்கிறதுகூட மறந்து எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. மன்னிச்சுடும்மா. வலிக்குதா?"

மோப்பம் தலையைத் தடவிக்கொண்டாள். அவளுக்கு வலி முக்கியமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"துணிமணியை அவ்வளவு பதவிசா வெச்சிருந்த மனுஷனாச்சேம்மா. ஒவ்வொரு பொத்தானா நிதானமா கழட்டி..."

"யாரு, அவரா?" அந்தம்மா சிரித்தாள். அழுதுகொண்டே வருகிற சிரிப்பு. "சோளக்கொல்லை பொம்மை மாதிரி கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டு நிப்பார். நான்தான் ஒவ்வொண்ணா கழட்டுவேன். அவர் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு நிப்பார்."

"காலர்?"

"நான் திருப்பினது."

"முழங்கை ஒட்டு?"

"நான் போட்டது."

"ஒரு கறைகூட இல்லையே!"

"சிந்தாம சாப்பிட அவருக்கு வராதும்மா. கறை காயறதுக்குள்ள துவைச்சுடுவேன்."

மோப்பம் அந்தச் சட்டையை மறுபடி எடுத்தாள். மூக்கு வரைக்கும் கொண்டுபோனாள். மோந்து பார்க்காமலே இறக்கினாள். "அப்போ நான் இத்தனை நாளா உன்னைத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்போ அந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்றார் ஏணி மூலையிலிருந்து. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்! நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கெஞ்சினார். தப்புதான் என்றார், புத்தி கெட்டுப்போச்சு என்றார். "நடுத்தெருவுல, முன்னே பின்னே தெரியாத ஒருத்திகிட்ட என்னைப் பத்திக் கேட்டே பாரு" என்று அதையே சொல்லிக்கொண்டு அவள் பெட்டியில் துணி அடுக்கினாள். நான் போய்ச் சமாதானம் சொன்னேன். "நீங்க பேசாம இருங்கக்கா" என்றாள். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணன் ஊருக்கு வண்டி ஏறுவதாக இருந்த நாளின் முன் சாயங்காலம் அந்தம்மா வந்தாள். கையில் பெரிய பை. மிச்சமிருந்த சட்டைகள் எல்லாம் அதில் இருந்தன.

"கடையில கொடுக்க மனசில்லம்மா. எவன் முதுகுலயாவது பாத்துட்டு மறுபடி எவ முடியையாவது பிடிப்பேன். உங்க ஆளு போட்டா எனக்குத் தெரிஞ்ச முதுகா இருக்கும்."

"நான் ஊருக்குப் போறேன். அவர்கிட்டயே கொடு" என்றாள் மோப்பம், பெட்டியிலிருந்து நிமிராமல்.

வந்தவளுக்கு வீட்டு நிலவரம் புரியவில்லை. தைக்கிறவள் கண்ணுக்குத் தையல்தான் தெரியும். ஏணியை நிற்கச் சொன்னாள், ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள், பைக்குள்ளிருந்து டேப்பை எடுத்தாள்.

"உங்களுக்குக் கை அவரைவிட ஒரு விரல் நீளம்."

"என்னது? அவனைவிடவா?"

"ஆமா. நல்லா நீட்டுங்க. மடிப்பைப் பிரிச்சு விட்டுடறேன்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை நாளாக எல்லாவற்றிலும் தோற்ற மனுஷன். மார்பை நிமிர்த்திக்கொண்டு கை இரண்டையும் விரித்தார். அந்தம்மா மணிக்கட்டில் அளந்தாள், தோளைத் தட்டிச் சரிசெய்தாள், காலரை இழுத்துவிட்டாள். பிறகு, சட்டையைக் கழற்றித் தைக்க எடுத்துக்கொள்ள வேண்டுமல்லவா, அவள் விரல் தன் பாட்டுக்கு மேல் பொத்தானுக்குப் போயிற்று. ஒன்றைக் கழற்றினாள். அடுத்ததில் விரலை வைத்தாள். ஏணி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டி மூடி படாரென்று விழுந்தது.

"இரு." மோப்பம் எழுந்து வந்து நடுவில் நின்றாள். "அதை நான் பாத்துக்கறேன்."

"பழக்கம்மா. கை தானா போயிடுச்சு."

"பழக்கமெல்லாம் உன் வீட்டோட. கடைச் சட்டம் உனக்கும் தெரியும்ல? கீழே வெச்சாத்தான் அடுத்தவ எடுக்கலாம். நான் இன்னும் கைவிடல."

சொல்லிவிட்டாள். சொன்னது காதில் விழுந்ததும் அவளுக்கே முகம் சிவந்துவிட்டது. ஏணி கையை இறக்க மறந்து அப்படியே நின்றார். அந்தம்மா டேப்பைச் சுருட்டி அவள் கையில் வைத்தாள். "நல்லது. இறுக்கிப் பிடிச்சுக்கோ" என்றாள்.

நான் அந்தம்மாவை என் வீட்டுக்கு அழைத்துவந்து டீ போட்டுக் கொடுத்தேன்.  பலகைக்கு அந்தப் பக்கம் பெட்டி கட்டிலுக்கடியில் போகிற சத்தம் கேட்டது.  அப்புறம் டொக்கென்று பலகையில் ஏதோ இடித்தது. அவர் விரல் முட்டி. சின்ன அறை, கை அவ்வளவு நீளம்.

"ஆடாம நில்லுங்க. பொத்தான் தெறிச்சா யாரு தேடறது?"

'நீங்க' திரும்பி வந்துவிட்டது. அந்தம்மா டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுபடி டொக்கென்றது. டீயை அப்படியே வைத்துவிட்டு, காலிப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். குட்டை, குண்டு, எந்தக் கடையில் எடுத்தாலும் சட்டை சரியாக இருக்கும் ஆள். மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டுச் சட்டையைத் தலைக்குத் தூக்கினார்.

"உருவாதீங்க" என்றேன்.

"ஏன்?"

"கையை விரிச்சு நில்லுங்க. இந்தப் பக்கம், பலகையோரமா."

"எதுக்குடி? உடம்புக்கு என்ன உனக்கு?"

"சொன்னதைச் செய்யுங்க."

ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டே கையை விரித்தார். பலகைக்கு எட்டவில்லை.